‘நினைவகம் இல்லை’ என்று கெர்னல் சொன்னால் நம்பலாமா?

சென்ற இதழில் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒரு வேலை தோற்கும்போது நிரலுக்குத் திருப்பித் தரும் பிழை எண்களைப் பற்றி இரண்டே பத்திகள் எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக் கடிதங்களில் அலுவலகச் சண்டையும் ஒட்டிக்கொண்டு வந்திருப்பதால், எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். இன்னொன்று: இந்தப் பிழைகளின் பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ‘ஈ’ என்று தொடங்கும். எங்கள் தொழிலில் வாயால் எப்படிச் சொல்வோமோ அப்படியே எழுதுகிறேன்: ஈநோமெம், ஈஅகெய்ன், ஈபஸி. எண்ணையும் பக்கத்தில் போட்டுவிடுகிறேன்.

எங்கள் தேடல் சர்வரில் 64 ஜிபி நினைவகம். அதில் 40 ஜிபி சும்மா கிடக்கிறது. ஆனாலும் வாரம் ஒருமுறை ஜாவா நிரல் ‘எம்மேப் தோல்வி, எர்நோ 12, நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்று எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போகிறது. முதலாளி செலவு செய்து 128 ஜிபி ஆக்கினார். அடுத்த வாரமும் அதே 12. கெர்னல் பொய் சொல்கிறதா?
— கோவை வாசகர்

பொய் சொல்லவில்லை. பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிறது.

எர்நோ என்பது தோற்ற அழைப்பின் பிழை எண் வந்து உட்காரும் மாறி. அதில் 12 என்பது ஈநோமெம், ‘நினைவகம் இல்லை’. அதைப் பார்த்தவுடன் நம் கை ரேம் வாங்கப் போய்விடுகிறது. ஆனால் எம்மேப் என்ற அழைப்பு ரேமைக் கேட்பதில்லை. ‘என் முகவரி வெளியில் இந்த நீளத்துக்கு ஒரு துண்டு குறித்துக்கொடு’ என்றுதான் கேட்கிறது. கெர்னல் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதிவு வைக்கிறது. ஒரு செயல்முறைக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு, இத்தனை பதிவுகள்தான் என்று ஒரு வரம்பும் வைத்திருக்கிறது. வழக்கமாக அது 65,530. அதைத் தாண்டினால் கிடைப்பதும் 12-தான். ரேஷன் கடையில் அரிசி மூட்டை கூரை வரை அடுக்கியிருக்கிறது. பதிவேட்டில் எழுதப் பக்கம் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் ‘அரிசி இல்லை’ என்று அனுப்பிவிடுகிறார். உங்கள் முதலாளி இன்னும் 64 ஜிபி அரிசியை இறக்கியிருக்கிறார்.

தேடல் நிரல்கள் அட்டவணைக் கோப்புகளைத் துண்டு துண்டாக எம்மேப் செய்பவை. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் நிரலை நிறுவும் வழிகாட்டியிலேயே இந்த வரம்பை உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள்; நெடுங்காலம் அங்கே இருந்த எண் 2,62,144. பிராக் அடைவுக்குள் உங்கள் ஜாவா செயல்முறையின் எண்ணில் ஓர் அடைவு இருக்கும். அதில் ‘மேப்ஸ்’ என்ற கோப்பைத் திறந்து வரிகளை எண்ணுங்கள். செத்த பிறகு எண்ண முடியாது, அந்த அடைவே போய்விடும். அடுத்த முறை சாவதற்கு முந்தைய நாள் எண்ண வேண்டும். எண்ணிக்கை 65,000-ஐ ஒட்டியிருந்தால் ‘விஎம் மேக்ஸ் மேப் கவுன்ட்’ என்ற அமைப்பை மாற்றுங்கள். காசு செலவில்லை.

65,530 என்ற மொட்டையான எண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். நிரல் செத்தால் அதன் நினைவகத்தை அப்படியே கோப்பில் கொட்டுவார்கள் அல்லவா, அந்தக் கோப்பு வடிவத்தில் பகுதிகளை எண்ண 16 பிட்தான் இருந்தது. 16 பிட்டில் மிகப்பெரிய எண் 65,535. கையிருப்பாக 5 கழித்தார்கள். உங்கள் முதலாளியின் பணம் போன வழி இதுதான்.

இந்த ஒரு 12-க்குள் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் தெரியுமா? முகவரி வெளியில் தொடர்ச்சியான இடம் இல்லை என்றாலும் 12. நிர்வாகி வைத்த டேட்டா வரம்பைத் தாண்டினாலும் 12. நினைவகத்தைக் கெர்னல் பக்கம் பக்கமாகத்தான் பிரிக்கும், வழக்கமாக ஒன்று 4 கேபி; அதற்குப் பதில் பெரிய பக்கங்கள் வேண்டும் என்று கேட்டு, முன்கூட்டியே யாரும் ஒதுக்கி வைத்திருக்காவிட்டாலும் 12. நினைவகத்தை ரேமிலேயே பூட்டிவைக்கும் எம்லாக் செய்யும்போது உங்களுக்கு அனுமதித்த அளவுக்கு மேல் பூட்டக் கேட்டாலும் 12. அனுமதித்த அளவே பூஜ்யம் என்றால் மட்டும் 1, அதாவது ஈபெர்ம். நினைவகத் துண்டின் அனுமதிகளை மாற்றும் எம்புரொடெக்டில் நடுவே ஓட்டை விழுந்த முகவரியைக் கொடுத்தால்கூட 12 வரும், அங்கே நினைவகத்தின் அளவுக்கும் பிழைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 2.4.19-க்கு முந்தைய கெர்னல்கள் அந்த இடத்தில் 14, அதாவது ‘தவறான முகவரி’ என்று சொல்லிக்கொண்டிருந்தன. எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் விதி 12 என்கிறது. எனவே அது ‘தவறு’ என்று திருத்தப்பட்டது.

எல்லாவற்றையும்விட வேடிக்கை எம்அன்மேப். அது நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் அழைப்பு. அதுவும் ‘நினைவகம் இல்லை’ என்று தோற்கலாம். ஒரு நீளத் துண்டின் நடுப்பகுதியை மட்டும் விடுவித்தால் இரண்டு ஓரங்கள் மிஞ்சும். ஒரு பதிவு இரண்டாகும். வரம்பு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் 12. கொடுக்கப் போனவனையும் ‘இடமில்லை’ என்று திருப்பி அனுப்பும் கடை இது ஒன்றுதான்.

ஏன் 12? யார் வைத்த எண்?
— வேலூர் வாசகி

பழைய யூனிக்ஸ்காரர்கள் வைத்தது. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் பிழைச் செய்திப் பட்டியலில் 12-க்கு நேரே ‘போதிய கோர் இல்லை’ என்று இருக்கும். கோர் என்றால் காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்த அந்தக் கால நினைவகம். அதற்கு முந்தைய 11-க்கு ‘இனிச் செயல்முறைகள் இல்லை’ என்று அர்த்தம். இன்று அதே 11 ஈஅகெய்ன், ‘பிறகு முயன்று பார்’. 25-க்கு நேரே ‘இது தட்டச்சு இயந்திரம் அல்ல’ என்று இருக்கும். அதைப் பற்றிக் கடைசியில் ஒரு மதுரைக்காரர் கேட்டிருக்கிறார்.

கெர்னல் மாட்யூல் ஒன்று எழுதினேன். நினைவகம் கிடைக்காவிட்டால் மைனஸ் 1 திருப்பித் தருகிறேன். தோல்வி என்று நிரலுக்குத் தெரிந்துவிடுகிறது, ஒழுங்காக வேலை செய்கிறது. பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். இது நியாயமா?
— திருநெல்வேலி மாணவி

நியாயம். நானாக இருந்தால் இன்னும் குறைத்திருப்பேன், ஏனென்றால் நானே அந்தத் தவறைச் செய்து மூன்று நாள் ஒரு மனிதரை அலையவிட்டவன்.

முதலில் விதி. கெர்னலுக்குள் வெற்றிக்கு 0. தோல்விக்குப் பிழை எண்ணின் எதிர்மறை. 12 என்றால் மைனஸ் 12. இதை வெளியே எடுத்துப் போகும் சி நூலகம்தான் குறியை மாற்றி எர்நோவில் 12 என்று வைத்துவிட்டு, நிரலுக்கு மைனஸ் 1 என்று காட்டுகிறது. நீங்கள் வெளியில் நின்று பார்த்த மைனஸ் 1-ஐ உள்ளேயும் அப்படியே எழுதிவிட்டீர்கள். உள்ளே மைனஸ் 1 என்றால் ‘தோல்வி’ அல்ல, பிழை எண் 1. ஈபெர்ம். ‘உனக்கு அனுமதி இல்லை.’

2003-இல் நான் ஸ்கேனர் அட்டை ஒன்றுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். படம் வந்து விழுவதற்கு அடுத்தடுத்து 256 பக்கங்கள், அதாவது ஒரு எம்பி, இடைவெளியில்லாமல் வேண்டும். இயந்திரத்தைத் தொடங்கியவுடன் கேட்டால் கிடைத்துவிடும். நாலு நாள் ஓடிய பிறகு நினைவகம் துண்டு துண்டாகிவிடும். மொத்தத்தில் இடம் இருக்கும், சேர்ந்தாற்போல் இருக்காது. அந்த இடத்தில், சோம்பலில், மைனஸ் 1 எழுதியிருந்தேன். வாடிக்கையாளரின் பொறியாளர் வெளியூர்க்காரர், பொறுமைசாலி. அவர் திரையில் ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. அவர் என்ன செய்வார்? சாதனக் கோப்பின் அனுமதிகளை மாற்றினார். எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துப் பார்த்தார். ரூட்டாக ஓட்டினார். ரூட்டுக்கே அனுமதி இல்லை என்று வந்ததும் வேறு லினக்ஸ் நிறுவினார். நிறுவிய பிறகு இயந்திரம் புதிதாகத் தொடங்கியதால் வேலை செய்தது! ‘பழைய லினக்ஸில் அனுமதிக் கோளாறு’ என்று அறிக்கை எழுதி அனுப்பினார். ஐந்தாம் நாள் மறுபடி வந்தது. நான் நேரில் போய், என் கோடுகளை, அதாவது நிரல் வரிகளை, நானே படித்து, அந்த மைனஸ் 1-ஐப் பார்த்தபோது அவர் எனக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. இன்றுவரை அதுதான் உறுத்துகிறது.

எனவே ‘ஒழுங்காக வேலை செய்கிறது’ என்று எழுதாதீர்கள். தோற்கும்போது என்ன சொல்கிறது என்பதும் வேலையில் சேர்ந்ததுதான்.

அடுத்து, நீங்கள் இன்னும் விழாத குழி ஒன்று. சில கெர்னல் செயல்கூறுகள் எண்ணைத் தராமல் சுட்டியை, அதாவது ஒரு நினைவக முகவரியை, தரும். தோற்றால்? கெர்னலுக்குள் நினைவகம் ஒதுக்கும் கேமேலாக் போன்றவை வெற்றுச் சுட்டி தரும். ஏன் என்று சொல்லாது. வேறு சில, பிழை எண்ணையே சுட்டி வேடம் போட்டு அனுப்பும். முகவரி வெளியின் கடைசி 4,095 முகவரிகளில் நிஜமான பொருள் எதுவும் இருக்காது என்பது ஏற்பாடு. எனவே மைனஸ் 1 முதல் மைனஸ் 4,095 வரையிலான எண்ணைச் சுட்டியாகப் பார்த்தால் அது அந்தக் கடைசிப் பக்கத்தில் விழும், பிழை என்று கண்டுபிடித்துவிடலாம். அழகான தந்திரம். ஆனால் எந்தச் செயல்கூறு எந்த வகை என்று பார்க்காமல் சோதித்தால் கதை முடிந்தது. வெற்றுச் சுட்டியை ‘இது பிழைச் சுட்டியா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் விடை வரும். நீங்களும் நிம்மதியாக அதைத் தொட்டுக் கெர்னலைக் கவிழ்ப்பீர்கள்.

இன்னொரு பரம்பரை வியாதியும் உண்டு. நாலைந்து ஒதுக்கீடுகளை வரிசையாகச் செய்து, எது தோற்றாலும் ‘கோடூ’ போட்டுக் கடைசியில் உள்ள துப்புரவுப் பகுதிக்குப் போவது கெர்னல் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் தாவுவதற்கு முன்னால் திருப்பித் தர வேண்டிய மாறியில் மைனஸ் 12 வைக்க மறந்தால், அதில் முந்தைய படி வைத்த 0 அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு ‘வெற்றி’ என்று திரும்புவீர்கள். ஸ்மாட்ச் என்ற சோதனைக் கருவி இதையே தேடிப் பிடித்து ‘பிழை எண் விடுபட்டிருக்கிறது’ என்று எச்சரிக்கும். உங்கள் மாட்யூலை அதில் ஒருமுறை ஓட்டுங்கள். ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கவைக்கும் ‘ஃபெயில்ஸ்லாப்’ வசதி கெர்னலிலேயே இருக்கிறது, அதையும் போட்டுப் பாருங்கள். பிறகு பேராசிரியரிடம் போய்ப் பேசுங்கள், மதிப்பெண் திரும்பக் கிடைத்தாலும் கிடைக்கும்.

சர்வரில் எந்தக் கட்டளை கொடுத்தாலும் ‘ஃபோர்க்: நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்கிறது. ‘ஃப்ரீ’ கட்டளை போட்டுப் பார்க்கவும் ஃபோர்க் வேண்டுமே! எப்படியோ பார்த்தால் நினைவகம் தாராளமாக இருக்கிறது.
— சென்னை வாசகர்

உங்கள் கெர்னல் பழையது என்றால் ஒரு காரணம், புதியது என்றால் வேறொன்று.

ஃபோர்க் என்பது புதிய செயல்முறையைப் பிறப்பிக்கும் அழைப்பு. ஒவ்வொரு செயல்முறைக்கும் ஓர் எண் வேண்டும். எண்களுக்கும் உச்சவரம்பு உண்டு. பல இயந்திரங்களில் 32,768. ஒரு செயல்முறைக்குள் இணையாக ஓடும் நூல்களும் (த்ரெட்) இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். எண்கள் தீர்ந்தால் ஃபோர்க் தோற்கும். நியாயமாக அங்கே 11 வர வேண்டும், கையேட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நெடுங்காலம் கெர்னல், எண் ஒதுக்கும் இடத்தில் எந்தக் காரணத்தால் தோற்றாலும் 12 என்றே சொல்லிவந்தது. நிர்வாகிகள் ரேமைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். 2015-இல் இதைத் திருத்தினார்கள். எண் தீர்ந்தால் இப்போது 11 வரும்.

புதிய கெர்னலிலும் 12 வருகிறது என்றால், நீங்கள் கன்டெய்னருக்குள், அதாவது நிரல்களைத் தனியே பிரித்து ஓட்டும் அடைப்புக்குள், இருக்கிறீர்களா என்று பாருங்கள். கன்டெய்னருக்குத் தனி எண்வெளி உண்டு. அதன் முதல் செயல்முறை, எண் 1, செத்துவிட்டால் அந்த வெளிக்குள் இனிப் புதிதாக எதுவும் பிறக்க முடியாது. ஃபோர்க் 12 தரும். நினைவகத்துக்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை. இதை ஏன் 2015-இல் திருத்தவில்லை என்றால், அந்த இடத்தில் கெர்னல் கோப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அதன் சாரம்: ஈநோமெம் இங்கே பொருத்தமான தேர்வு இல்லைதான், ஆனால் வெளியுலகத்துக்கு நெடுநாளாக இதையே காட்டிவிட்டோம், ஆவணத்திலும் எழுதிவிட்டோம், இதைவிட நல்ல எண் இருந்தாலும் எளிதில் மாற்ற முடியாது. இவ்வளவு வெளிப்படையாகத் தன் தவறை ஒப்புக்கொள்ளும் ஆவணத்தை நான் வேறு துறையில் பார்த்ததில்லை.

‘ஃப்ரீ’ போட வழியில்லை என்றீர்களே. ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளைகளுக்கு ஃபோர்க் வேண்டாம். ‘ரீட்’ கட்டளையால் பிராக் அடைவின் ‘மெம்இன்ஃபோ’ கோப்பை வரிவரியாகப் படித்து ‘எக்கோ’வால் அச்சிடலாம். ‘எக்ஸெக்’ போட்டால் ஃபோர்க் இல்லாமலே வேறு கட்டளை ஓடும், ஆனால் அது இருக்கும் ஷெல்லின் இடத்தையே பிடித்துக்கொள்ளும், கட்டளை முடிந்ததும் ஷெல்லும் போய்விடும்.

மேலாக் ஒருபோதும் வெற்றுச் சுட்டி தந்து நான் பார்த்ததில்லை. நிரல் நேராக 137 என்ற எண்ணோடு செத்துவிடுகிறது. பிறகு எதற்கு ஒவ்வோர் இடத்திலும் சோதிக்க வேண்டும்?
— சேலம் வாசகர்

137 என்பது 128 கூட்டல் 9. ஒன்பதாம் சிக்னல், தடுக்க முடியாத கொலை. லினக்ஸ் வழக்கமாகத் தன்னிடம் இருப்பதைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கும். நிரல் மேலாக் மூலம் நினைவகம் கேட்டவுடன் ‘எடுத்துக்கொள்’ என்று முகவரியைத் தந்துவிடும். உண்மையான பக்கம், நீங்கள் முதன்முதலில் அங்கே எழுதும்போதுதான் தேடப்படும். அப்போது இல்லாவிட்டால்? ஒரு மாறியில் 5 எழுதுகிறீர்கள். அந்த வரிக்குத் திரும்பும் மதிப்பு என்று ஒன்று கிடையாது. பிழை எண்ணை வைக்க இடமே இல்லை. அதனால்தான் யாரையாவது கொல்கிறார்கள், சில சமயம் உங்களை.

பக்கம் தேடும் இந்தப் பாதையில் கெர்னலுக்குள் வேறு வகைக் குறியீடுகள் உண்டு: நினைவகம் தீர்ந்தது, பஸ் சிக்னல் அனுப்பு, திரும்ப முயல், இப்படி. இந்தக் குறியீடுகளும் சாதாரணப் பிழை எண்களும் இரண்டுமே வெறும் முழு எண்களாக இருந்ததால் டிரைவர் எழுதுபவர்கள் ஒன்றைத் தர வேண்டிய இடத்தில் மற்றதைத் தந்தார்கள். 2018-இல் வந்த 4.17 கெர்னலிலிருந்து இதற்கென்று தனி வகைப் பெயர் கொடுத்தார்கள். அதற்கு முன் 2015-இல் இன்னொன்று: ‘செக்மென்ட் மீறல் சிக்னல் அனுப்பு’ என்று சொல்ல இந்தப் பட்டியலில் குறியீடே இல்லாமல் இருந்தது! தன் அடுக்கின் (ஸ்டாக்) எல்லையைத் தாண்டிய நிரலுக்குப் பஸ் சிக்னல் போய்க்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய சொல் அகராதியிலேயே இல்லை என்றால் பக்கத்துச் சொல்லைத்தான் சொல்லுவார்கள். குறியீட்டைச் சேர்த்த பிறகு சரியானது.

சோதிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும். முகவரி வெளி வரம்பு வைத்த இயந்திரத்தில், வாக்கைக் கறாராக எண்ணும் இரண்டாம் முறையில் ஓடும் இயந்திரத்தில், பைத்தியக்காரத்தனமான அளவு கேட்கும்போது, மேலாக் வெற்றுச் சுட்டி தரவே செய்யும். கெர்னலுக்குள்ளேயே உங்களைப் போல நினைத்தவர்கள் இருந்தார்கள். அங்கே 8 பக்கங்கள், அதாவது 32 கேபி வரையிலான சாதாரணக் கோரிக்கைகளை, நினைவகம் ஒதுக்கும் பகுதி எளிதில் கைவிடாது. திரும்பத் திரும்ப முயலும். அதனால் ‘கிடைக்காவிட்டால்’ என்று எழுதிய கோடுகள் ஆண்டுக்கணக்கில் ஒருமுறைகூட ஓடாமல் கிடந்தன. ஓடாத கோட்டில் பிழை இருப்பது யாருக்குத் தெரியும்?

சிறு பக்கங்களைச் சேர்த்துப் பெரிய பக்கமாக்க எம்அட்வைஸில் ‘கொலாப்ஸ்’ கோரிக்கையைப் பயன்படுத்துகிறோம். தோற்றால் 11, 12, 16, 22 என்று வெவ்வேறு எண் வருகிறது. எல்லாவற்றையும் ‘தோல்வி’ என்று பதிந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். போதாதா?
— பெங்களூரு வாசகர்

போதாது. உங்களுக்காகவே ஒருவர் உட்கார்ந்து யோசித்து வைத்த எண்களைக் குப்பையில் போடுகிறீர்கள்.

2022 டிசம்பரில் வந்த 6.1-இல் சேர்ந்த வசதி இது. 4 கேபி பக்கங்கள் 512-ஐ ஒன்றாக்கி 2 எம்பி பக்கமாகத் தர முயலும். முயலும், அவ்வளவுதான், உத்தரவாதம் இல்லை. அதனால் தோற்கும்போது, கேட்டவர் அடுத்து என்ன செய்யலாம் என்று தெரியும்படி எண் தர வேண்டும் என்று தொடக்கத்திலேயே நினைத்திருக்கிறார்கள். 12 என்றால் 2 எம்பிப் பக்கம் இயந்திரத்திலேயே கிடைக்கவில்லை, அல்லது நீங்கள் கொடுத்த முகவரியில் எதுவும் இல்லை. (இங்கேயும் 12-க்கு இரட்டை அர்த்தம். என்ன செய்ய.) 16, ஈபஸி என்றால் பக்கம் கிடைத்தது, உங்கள் கன்டெய்னரின் கணக்கில் எழுத இடமில்லை; வரம்பை உயர்த்தாமலோ எதையாவது விடுவிக்காமலோ திரும்பக் கேட்பது வீண். 22 என்றால் அந்த இடத்தில் ஆகாது, விட்டுவிடுங்கள். 11 என்றால் உடனே இன்னொரு முறை கேட்கலாம்.

வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023-இல் நடந்த ஒரு சிறு திருத்தம் சாட்சி. பக்கங்களைச் சேர்க்கும் முன், ஒவ்வொரு சிறு பக்கத்தையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் எண்ணும். கணக்கில் இல்லாத ஒருவர் பிடித்திருந்தால் அதை நகர்த்துவது ஆபத்து, பின்வாங்கிவிடும். அப்படிப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் விட்டுவிடுவார். ஆனால் கெர்னல் அந்த இடத்தில் 22 என்று சொல்லிக்கொண்டிருந்தது. ‘ஒரு வினாடி கழித்து வா’ என்பதற்குப் பதில் ‘இங்கே வராதே’. அதை நம்பிய நிரல்கள் கிடைக்கக்கூடிய பெரிய பக்கத்தைக் கைவிட்டிருக்கும். அதை 11 ஆக்கினார்கள். நினைவகம் கையாளும் முறையில் எந்த மாற்றமும் இல்லை, திரும்பும் எண் மட்டும் மாறியது.

உங்கள் குழுவுக்கு: 11 வந்தால் மூன்று முறை முயலுங்கள், நடுவே சற்று இடைவெளி விட்டு. எல்லையில்லாமல் சுற்றவிடாதீர்கள். 16 வந்தால் தரவுத்தள ஆள் அல்ல, கன்டெய்னர் வரம்பு வைத்தவர் பதில் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியும்படி எச்சரிக்கை அனுப்புங்கள்.

விண்டோஸில் இந்தக் குழப்பம் கிடையாதே?
— சிங்கப்பூர் வாசகர்

அங்கே எண்கள் தாராளம். மொத்த வாக்கு வரம்பு தீர்ந்ததற்கு ஒன்று, ஒதுக்கீட்டுப் பங்கு தீர்ந்ததற்கு ஒன்று, முகவரி மோதலுக்கு ஒன்று என்று தனித்தனி. ‘பேஜிங் கோப்பு போதவில்லை’ என்ற 1455-ஐப் பார்த்தவுடன் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும், லினக்ஸ்காரனான எனக்கே அதில் பொறாமை உண்டு. ஆப்பிளின் அடியில் இருக்கும் மாக் கெர்னலிலும் ‘முகவரி இடம் இல்லை’ 3, ‘வளம் பற்றாக்குறை’ 6 என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். ஆனால் மேலே இருக்கும் நிரல்கள் அத்தனையையும் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிக் காட்டினால் கெர்னல் பிரித்துச் சொல்லி என்ன பயன்?

என் நிரலில் எம்மேப் தோற்கும்போது ‘இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாத ஐஓகண்ட்ரோல்’ என்று பிழைச் செய்தி வருகிறது. எண் 25. நான் ஐஓகண்ட்ரோலை அழைக்கவே இல்லை. கெர்னல் பிழையா?
— மதுரை வாசகர்

நீங்கள் அனுப்பிய கோடுகளைப் படித்தேன். எம்மேப் தோற்றதும் முதலில் ‘ஒதுக்கீடு தோல்வி’ என்று லாக் எழுதுகிறீர்கள். அடுத்த வரியில் எர்நோவை அச்சிடுகிறீர்கள். நடுவில் ஓடிய லாக் நூலகம், எழுதும் இடம் திரையா கோப்பா என்று பார்த்து, திரையாக இருந்தால் சிவப்பு வண்ணம் போடும் வகை. ‘இது டெர்மினலா’ என்று அது ஐஓகண்ட்ரோல் மூலம் கேட்ட கேள்விக்குக் கெர்னல் ‘இல்லை’ என்று சொன்னதுதான் அந்த 25. வேலூர் வாசகிக்குச் சொன்ன ‘தட்டச்சு இயந்திரம் அல்ல’ இன்று இந்தச் செய்தியாக மாறியிருக்கிறது. எம்மேப் எர்நோவில் வைத்துவிட்டுப் போன எண்ணை அது மிதித்துவிட்டது.

எம்மேப் திரும்பிய அடுத்த வரியிலேயே எர்நோவை உங்கள் சொந்த மாறியில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்; லாக், வண்ணம், எல்லாம் அதற்குப் பிறகு. கூடவே கேட்ட நீளத்தையும் அச்சிடுங்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது: எம்மேப் தோற்றதா என்று வெற்றுச் சுட்டியோடு ஒப்பிடுகிறீர்கள். எம்மேப் தோற்றால் வெற்றுச் சுட்டி தராது, மைனஸ் 1-ஐச் சுட்டியாக்கித் தரும். உங்கள் நிரலில் இரண்டு இடத்தில் சரியாக இருக்கிறது, 214-ஆம் வரியில் தவறு.